சாக்சபோன் மேல் பழி போடாதீங்க!

உங்கள் பள்ளி பேண்டு அறையில் பழைய சாக்சபோன் ஏதாவது தூங்குகிறதா? 'அது சரியா ஊதாது சார்' என்று சொல்லி, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பாதிக் கோளாறு, ஊதிவிட்டுத் துடைக்காமல் வைப்பதால் வருவது. துடைக்கப் பணமா வேண்டும்?

1846-ல் பெல்ஜியத்துக்காரர் அடோல்ப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற வாத்தியம் இது. நம் ராகங்களை இதில் அழகாக வாசித்துக் காட்டினார், 2019-ல் மறைந்த கத்ரி கோபால்நாத். நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, அப்படி இதற்கு 'ரீடு'. உடம்பு முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட துளைகள், அவற்றுக்கு மூடிகள். மூடிக்கு அடியில் தோல் போர்த்திய மெத்தை இருக்கும், அதுதான் 'பேடு'. எச்சில் ஈரம் ஊறி ஊறி அந்தத் தோல் கெட்டிப்பட்டால் துளை சரியாக மூடாது, காற்று கசியும்.

ஆகவே, ஊதி முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டைக் கயிற்றில் கட்டி, உள்ளே விட்டு இழுங்கள். கயிற்று முனையில் கட்டும் எடையைத் துணியால் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கீறிவிடும். ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையாக வையுங்கள். மவுத்பீஸைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், வெந்நீர் ஆகாது. மிட்டாய் தின்ற வாயோடு ஊதவே ஊதாதீர்கள். அந்த இனிப்புதான் பேடைப் பிசுபிசுப்பாக்குகிறது. அப்படி ஒட்டிக்கொண்டால், மெல்லிய தாளை இடையில் வைத்து மூடியை லேசாக அழுத்துங்கள். மூடியைத் தூக்கிய பிறகு தாளை எடுங்கள்.

கழுத்திலுள்ள கார்க் தேய்ந்து மவுத்பீஸ் ஆடுகிறதா? தண்ணீர்க் குழாய் மாட்டுபவர் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று சுற்றினால், ஆண்டுவிழா வரை ஓட்டிவிடலாம். பித்தளைதானே என்று, அம்மா குடம் தேய்க்கும் புளியை மட்டும் எடுத்து வராதீர்கள்! மேல்பூச்சும் போகும், பேடும் போகும்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கீழ் ஸ்வரங்கள் வரவே இல்லை. 'உனக்கு மூச்சு பத்தலைடா' என்று டிரம் பக்கம் மாற்றிவிட்டேன். அவனும் பேசாமல் போனான். இரண்டு வருடம் கழித்து, ரிப்பேர்க்காரர் ஒருவர் இருட்டறையில் சின்ன விளக்கைச் சாக்சபோனுக்குள் இறக்கிக் காட்டினார். மூடியிருந்த பேடின் ஓரத்தில் வெளிச்சம் கோடு போட்டது. காற்றும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது! பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லலாம் என்றால், அதற்குள் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

இந்தச் சோதனையை உங்கள் ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யலாம். கொலுவுக்கு வாங்கிய, பேட்டரியில் எரியும் குட்டிச் சரவிளக்கு போதும். கரண்டில் எரிவது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு மூடியாக மெல்ல மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடங்களைத் தாளில் குறித்து ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். பேடு மாற்றுவதும், வளைந்த கம்பியை நிமிர்த்துவதும் அவர் வேலை. அதில் கை வைக்காதீர்கள். கெட்டது இரண்டு பேடு என்றால், அந்த இரண்டை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.