மஞ்சப்பைக்குள் ஒரு எஃப்.ஐ.ஆர். எண்

போன பொங்கல் லீவுக்கு ஜமுனாமரத்தூர் பக்கம் இருக்கும் என் கிளாஸ்மேட் ஊருக்குப் போயிருந்தேன். காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கணும், சாமைச் சோறு சாப்பிடணும், அவ்வளவுதான் பிளான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவன் பெரியப்பா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். "கம்ப்யூட்டர் படிக்கிற தம்பிதானே, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

உள்ளே தெலுங்குக் காகிதங்கள். செம்மர வழக்கு. சேஷாசலம் காட்டில் பிடித்ததாக ஆறு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. ஜாமீனில் வந்ததிலிருந்து வாய்தாவுக்கு மலை இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அடுத்த தேதி என்னவென்று சொல்ல ஓர் ஆள் உண்டு, ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பணம் கொடுக்கணும். எனக்குத் தெலுங்கு வராது. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சவன், தமிழே எழுத்துக் கூட்டித்தான் வளர்ந்தேன். ஆனா அந்தக் காகிதத்தில் எஃப்.ஐ.ஆர். எண்ணும் வருஷமும் மட்டும் நமக்குத் தெரிஞ்ச எண்களில் இருந்தது.

அது போதும். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், வருஷம் கொடுத்தால் வழக்கு வந்துவிடும். முதல்ல பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்தோம், வரல. முருகேசன் என்ற பெயரை (பெயரை மாற்றியிருக்கிறேன்) தெலுங்கில் கேட்டு எழுதி, அதை இங்கிலீஷில் டைப் பண்ணும்போது எத்தனை ஸ்பெல்லிங் வரும்னு யோசிச்சுப் பாருங்க. சிக்னல் கிடைக்கிற பாறை மேல நின்னு, கேப்ச்சாவை ரெண்டு தடவை தப்பா அடிச்சு, கடைசியில் எஃப்.ஐ.ஆர். எண்ணில்தான் திறந்தது. இதுவரை நடந்த வாய்தா எல்லாம் தேதிவாரியாக, எதுக்காகத் தள்ளி வைத்தார்கள் என்பதோடு இருந்தது. பாதிக்கு மேல், சாட்சிக்குச் சம்மன். அந்த ஆள் அடுத்த வாரம் வாய்தா என்று சொல்லியிருந்தார். திரையில் மார்ச் மாதத் தேதி இருந்தது.

பத்திரிகைத் துறைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். ஹாஸ்டலில் நாம பெல்லிங்கேட் வீடியோ பார்க்கிறோம். 2014 ஜூலையில் உக்ரைன் மேல சுட்டு வீழ்த்தப்பட்ட எம்.எச்.17 விமானத்தில் 298 பேர் இறந்தார்கள். அந்த ஏவுகணை வண்டி எந்த ரோடு வழியா வந்ததுன்னு, இணையத்தில் கிடந்த படங்களை வைத்தே கண்டுபிடித்தார்கள். பிரமாதமான வேலைதான். ஆனா அதைப் பார்த்துப் பார்த்து, புலனாய்வு என்றாலே சாட்டிலைட் படம் என்று நமக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. நம்ம மாநிலத்தில் பல நேரம் விஷயம் மட்டமான ஒரு பிடிஎஃப்-க்குள்ளோ, யாரும் கிளிக் பண்ணாத ஒரு தேடல் பெட்டிக்குப் பின்னாலோதான் கிடக்கிறது.

2015 ஏப்ரல் 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குப் பத்து வயசு, டிவியில் பார்த்த ஞாபகம் மங்கலாக இருக்கு. சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்கள். நூறு பேருக்கு மேல் கல்லும் கோடாலியுமாகத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். அவர்களில் சிலரை முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்றார் உயிர் தப்பியவர். ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவரை மட்டும் கண்டுகொள்ளவில்லையாம். உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னால் வந்து சொன்னதால்தான் காட்டுக் கதைக்கு எதிராகப் பஸ் கதை என்று ஒன்று பதிவில் ஏறியது.

இப்படி ஒரு சாவு நடந்தால் என்னென்ன செய்யணும் என்று 2014 செப்டம்பரிலேயே உச்ச நீதிமன்றம் பி.யூ.சி.எல். வழக்கில் வரிசையாகச் சொல்லியிருந்தது: எஃப்.ஐ.ஆர்., வேறு நிலையமோ சி.ஐ.டி.யோ விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை, மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காகிதம் பிறந்தாக வேண்டும். செய்தியாளர் ஸ்பாட்டுக்குப் போக முடியாமல் போகலாம், இந்தக் காகிதங்களைத் தேதி போட்டு வரிசையாக அடுக்க முடியும். எது வரவில்லையோ அதுவும் ஒரு செய்தி. 2016-இல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, பாலியல் குற்றம், பயங்கரவாதம் மாதிரி சிலவற்றைத் தவிர, எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றணும். நம்மில் எத்தனை பேர் ஒண்ணையாவது திறந்து படிச்சிருக்கோம்?

இன்னொன்று. 2013 டிசம்பரில் இதே காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்டார்கள். அதுவும் கொடுமைதான், அதை மறைக்கக் கூடாது. அந்த வழக்கில் கைதான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 287 பேரை 2016-இல் திருப்பதி நீதிமன்றம் விடுதலை செய்தது. பிடித்த அன்று வந்த செய்தி நமக்கு ஞாபகம் இருக்கும், விட்ட அன்று வந்தது இருக்காது. ஒரே ஒரு ஸ்டேஷனை எடுத்து, பத்து வருஷத்துக்கு எத்தனை செம்மர வழக்கு, எத்தனை தண்டனை, எத்தனை விடுதலை, எத்தனை இன்னும் சம்மனிலேயே நிற்குது என்று ஒரு ஷீட்டில் போட்டால்? நாலு பேர், ஒரு செமஸ்டர். நாம போடுற மினி ப்ராஜெக்ட்டை விட இது ஒண்ணும் கஷ்டமில்லை.

ஆனா ஷீட் எல்லாத்தையும் சொல்லிடாது. பதிவேடு எழுதுபவர் யார் என்று முதலில் பார்க்கணும். எஃப்.ஐ.ஆர். போலீஸ் எழுதுவது. மலைக்கு வந்து அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கூட்டிப்போகும் புரோக்கர் ரசீது கொடுப்பதில்லை, அவர் பெயர் பல நேரம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. மழையை நம்பி ஒரு போகம் சாமை போடுகிற குடும்பத்துக்கு அந்த அட்வான்ஸ் எவ்வளவு பெரிசு என்பதும் இருக்காது. அதுக்கு நடந்துதான் போகணும். பெரியப்பா தெரிஞ்சே போனாரா, கட்டட வேலைன்னு சொல்லிக் கூட்டிப்போனாங்களா? அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு எனக்குக் கேட்க வாய் வரல. ஒரு நல்ல செய்தியாளர் கேட்டிருப்பார். கேட்ட பிறகு, அவர் பெயரைப் போடலாமா என்றும் யோசித்திருப்பார். விடுதலையான ஆளின் பெயரும் அந்தத் தேடல் பெட்டியில் அப்படியே கிடக்கும் இல்லையா.

திரும்பி வந்து நானே ஒரு ஆர்.டி.ஐ. போட்டேன். ஆந்திரச் சிறைகளில் இருக்கும் மலைவாழ் மக்களுக்கு ஏன் போதுமான சட்ட உதவி தரவில்லை என்று, கோபமாக, இரண்டு பக்கத்துக்கு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். 'ஏன்' என்பது தகவல் அல்ல என்று ஒரே வரியில் பதில். முதல்ல எரிச்சல் வந்தது. அப்புறம் சட்டத்தைப் படிச்சேன், அவர்கள் சொன்னது சரிதான். அலுவலகத்தில் இருக்கிற பதிவைத்தான் கேட்க முடியும். இப்ப திருத்தி எழுதியிருக்கேன்: இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை சட்ட உதவிக்காகப் பிறப்பித்த ஆணைகளின் நகல், செலவுப் பதிவேட்டின் நகல். அரைப் பக்கம், தமிழில், கோபமே இல்லாமல். 30 நாளில் பதில் வரணும். வரலைன்னா முதல் மேல்முறையீடு.

அந்தப் பாறை மேல பெரியப்பா ஒண்ணு கேட்டார். "கேஸ் எப்ப முடியும்னு இதுல போட்டிருக்காங்களா தம்பி?" அப்படி ஒரு காலம் அந்தப் பக்கத்தில் இல்லை. மார்ச் வாய்தாவுக்கு என் ஃபிரெண்டும் அவரோட போறான். அன்னைக்கு அவனுக்கு லேப் இருக்கு, அட்டெண்டன்ஸை யாராவது பார்த்துக்கோங்க.