திறமைக்குக் கதவு திறப்பது யார்?

திருவண்ணாமலை மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. பயிர்க்கடனுக்கும் மகளிர் குழுக் கடனுக்கும் நம் மக்கள் ஏறி இறங்குகிற வங்கி. அதைத் தொடங்க முன்னின்றவர் ஒரு வழக்கறிஞர். அவருடைய வாழ்க்கைப் பாதையை இன்றைய சமூகநீதி விவாதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வி.கிருஷ்ணசாமி அய்யர் சென்னை உயர்நீதிமன்றத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1906இல் ஆர்பத்நாட் என்ற வெள்ளையர் நிறுவனம் திவாலாகிப் பலருடைய சேமிப்பு மூழ்கியபோது, இந்தியர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று களமிறங்கினார். 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1909இல் அவர் உயர்நீதிமன்ற நீதிபதி. 1911இல் சென்னை ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினர். வங்கி, நீதிமன்றம், அரசு என மூன்று இடங்களையும் ஐந்தே ஆண்டுகளில் தொட்டுவிட்டார். இப்படிப்பட்ட வாழ்க்கையைப் ‘பன்முகத் திறமை’ என்று புகழ்வது வழக்கம். அவர் திறமைசாலி என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் திறமையை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது என்பதே என் கேள்வி.

அவர் மயிலாப்பூர் பார்ப்பன வழக்கறிஞர் வட்டத்தின் முக்கியப் புள்ளி. வங்கிக்கு நகரத்தார் மூலதனம் துணை நின்றது. சட்டம் படித்த சாதியும் பணம் வைத்திருந்த சாதியும் ஒன்றையொன்று நம்பின. அந்தக் காலத்து நீதித்துறையின் நிலையை 1916ஆம் ஆண்டின் பார்ப்பனரல்லாதார் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 1913இல் நிரந்தர மாவட்ட முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர்கள். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 25 பேர் மட்டுமே.

இதே பாதையில் அண்ணல் அம்பேத்கரும் நடந்து பார்த்தார். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பம்பாயில் பங்குச்சந்தை ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வரவில்லை. அரசு, தொழில் என இரண்டு கதவுகளும் மூடின. படிப்பில் அவருக்கு என்ன குறை?

நூறாண்டில் எவ்வளவு மாறியிருக்கிறது? 2018 முதல் 2023 ஜூலை வரை நியமிக்கப்பட்ட 604 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் 458 பேர் பொதுப் பிரிவினர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9. இந்தியாவின் முன்னணி 1000 நிறுவனங்களின் 2010ஆம் ஆண்டு இயக்குநர் குழுக்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அதில் பார்ப்பனர் 44.6 விழுக்காடு, வைசியர் 46 விழுக்காடு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான். 1907இல் கைகோத்த அதே கூட்டணிதான் இது.

திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்தில் நான் பழகுகிற முதல் தலைமுறை வழக்கறிஞர்கள் பலர் சேரியிலிருந்து வந்தவர்கள். சீனியரிடம் ஜூனியராகக் கிடந்து, பேருந்துக் காசுக்கே வீட்டில் கைநீட்டுகிறவர்கள். சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2024இல், சென்னை, மதுரை, கோவை தவிர்த்த ஊர்களில் ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் அறிவுறுத்தியது. அதைக் கேட்டு வாங்குகிற துணிச்சலுக்கும் பின்புலம் வேண்டியிருக்கிறது. முதல் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க முடியாதவர் நீதிபதிப் பரிந்துரைப் பட்டியலிலோ நிறுவனங்களின் சட்ட ஆலோசகர் நாற்காலியிலோ எப்படி வருவார்?

தோழர்களே, 69 விழுக்காடு இடஒதுக்கீடு நம்மைச் சட்டக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது. உயர்நீதிமன்ற நியமனத்துக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தாது. பஞ்சாப் அரசு 2022இல் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் பட்டியல் சாதியினருக்கென 58 பணியிடங்களை ஒதுக்கியது. சமூகநீதியின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் தமிழ்நாடு, தன் அரசு வழக்கறிஞர்கள், பொதுத்துறை நிறுவனங்களின் சட்ட ஆலோசகர்கள், இயக்குநர்கள் எந்தெந்தச் சமூகத்தினர் என்ற பட்டியலையாவது முதலில் வெளியிடட்டும். ஜூனியர் உதவித்தொகை உண்மையில் கைக்கு வருகிறதா என்று பார் கவுன்சில் கணக்கெடுக்கட்டும். யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு வெளியே வந்தால்தான் திறமை பற்றி நேர்மையாகப் பேச முடியும்.