தஞ்சாவூர் வீணைகள் உடையாமல் அஞ்சலில் போய்ச்சேர வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
வீணை செய்யும் கைவினைஞர் சங்கத்தினர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல்துறைத் தலைவர் அவர்கள்,
மத்திய மண்டலம், திருச்சிராப்பள்ளி.

நகல்: முதுநிலை அஞ்சல் கண்காணிப்பாளர், தஞ்சாவூர் கோட்டம்; மாவட்ட ஆட்சித் தலைவர், தஞ்சாவூர்.

பொருள்: நீளமான, எளிதில் உடையக்கூடிய இசைக்கருவிப் பார்சல்களை ஏற்கவும் கையாளவும் தனி நடைமுறை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுகளோடு இன்றைய வடிவம் பெற்றதாகச் சொல்லப்படும் தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த வீணையை இனி அந்தப் பெயரில் விற்க முடியாது. அது எங்களுக்குப் பெருமை. ஆனால் வாங்குகிறவர்களில் பலர் இப்போது பட்டறைக்கு வருவதில்லை. பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள். வீணை அவர்கள் வீட்டுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தால்தான் எங்களுக்குக் கூலி. அஞ்சலோ, ரயில் பார்சலோ, கூரியரோ, எந்த வழியில் போனாலும் வழியில் நேரும் சேதம் கடைசியில் செய்தவர் தலையில்தான் விழுகிறது. நாடெங்கும் கிளை பரப்பியுள்ள அஞ்சல்துறை முன்வந்தால் இந்த நிலை மாறும் என்று நம்பியே இம்மனுவை அளிக்கிறோம்.

வீணை எங்கே உடையும் என்பது எங்களுக்குத் தெரியும். சுமார் நான்கடி நீளமுள்ள பலாமரக் கருவி இது. எடை பெரும்பாலும் குடத்தின் பக்கம். மறுமுனையில் யாளி முகம். பெட்டியை நிமிர்த்தி வைத்து அது சாய்ந்தாலோ, நடுவில் வேறு மூட்டை ஏறினாலோ, பாரம் முழுவதும் கழுத்துப் பகுதியான தண்டியின் மேல் இறங்குகிறது. ஒட்டு வீணையானால் சேர்த்த இடங்கள் விட்டுப்போகும். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் ஒட்டு கிடையாது; ஆகவே விரிசல் கண்டால் மாற்றிப் பொருத்த உறுப்பும் கிடையாது.

வெளியே தெரியாத சேதம் இதைவிடக் கொடியது. கரித்தூள் சேர்த்த தேன்மெழுகில்தான் 24 மெட்டுகளும் பதிந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் அந்த மெழுகு இளகினால் மெட்டுகள் மயிரிழை நகரும். பெட்டியில் ஒரு கீறல் இருக்காது, வாசித்தால் சுருதி சேராது. மறுபடி மேளம் கட்டத் (மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிக்கத்) தெரிந்த கை எல்லா ஊரிலும் இல்லை. வீணை தஞ்சாவூருக்கே திரும்பி வர வேண்டும். பிறகு அதே பயணத்தை இன்னொரு முறை போக வேண்டும்.

எங்களால் ஆனதை நாங்கள் செய்கிறோம். தந்திகளைத் தளர்த்தி, சுரைக்காயைக் கழற்றி, குதிரையைத் தனியே பொதிந்து, பஞ்சுத் தாள் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம். ஆனால் தண்டியைக் கழற்ற வழியில்லை. வெளிநாட்டுக்கு மரப்பெட்டி என்றால், பன்னாட்டுப் பயிர்ப்பாதுகாப்பு விதிப்படி அந்த மரம் உரிய முறையில் பதப்படுத்தப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதுபோன்ற செய்திகளைப் பட்டறைக்காரர் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, அளவு பற்றியது. அஞ்சல் விதிகளில் நீளத்தோடு சுற்றளவையும் சேர்த்துப் பார்க்கும் முறை உண்டு. போகும் நாட்டைப் பொறுத்து வரம்பும் மாறும். குடம் அகலமானது என்பதால் வீணைப் பெட்டி இந்தக் கணக்கில்தான் சிக்கும். உள்நாட்டுக்கும், தமிழர் அதிகம் வாழும் நாடுகளுக்கும் ஏற்கப்படும் நீளம், சுற்றளவு, எடை ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுத் தஞ்சாவூர் தலைமை அஞ்சலகத்தில் வைக்க வேண்டும். பெட்டி செய்வதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்தால் பலகையும் கூலியும் வீணாகாது.

அடுத்தது கையாளும் முறை. வீணைப் பார்சலைப் பைக்குள் போடாமல், படுக்கைவாட்டில், சுமைகளின் மேலே வைத்து, திருச்சி ஆர்.எம்.எஸ். (ரயில் அஞ்சல் சேவை) அலுவலகம் வரை தனிக் குறிப்புச் சீட்டோடு கைமாற்ற வேண்டும். கோடையில் நிழலிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தரையைவிட்டு உயர்ந்த இடத்திலும் வைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம்; ஓர் உத்தரவும், ஊழியர்களுக்கு அரைநாள் பயிற்சியும் போதும்.

மூன்றாவது கோரிக்கையை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். 1898ஆம் ஆண்டு இந்திய அஞ்சலகச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சேதத்துக்கான பொறுப்பிலிருந்து துறைக்கு விலக்கு அளித்தது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 10ஆம் பிரிவும், விதிகளில் குறித்த அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்கிறது. சட்டத்தை மாற்றும்படி உங்களிடம் கேட்கவில்லை. காப்பீடு செய்து அனுப்பும் வசதி இருக்கிறது. அது வீணைக்கு உண்மையாகப் பயன்பட வேண்டும். புவிசார் குறியீட்டுச் சட்டப்படி பதிவுபெற்ற பயனர் தரும் விலைச்சீட்டை மதிப்புக்குச் சான்றாக ஏற்கலாம். பெறுபவர் கேட்டால் அஞ்சல் ஊழியர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, நிலையைப் படத்தோடு பதிவு செய்யலாம். மெட்டு நகர்ந்ததையும் சேதமாகவே கொள்ள வேண்டும். வெளிப்பெட்டி நன்றாக இருக்கிறது என்பதே பதிலாக இருந்தால், வீணை செய்பவருக்குக் காப்பீட்டால் பயனில்லை.

வெளிநாட்டு ஏற்றுமதிக்காகத் துறை தொடங்கியுள்ள டாக் கர் நிரியாத் கேந்திரா சேவையில், இசைக்கருவிகளுக்கான படிவங்களை நிரப்பித் தர ஒருவரை அமர்த்தக் கோருகிறோம். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கும், கண்ணாடியிட்ட தஞ்சாவூர் ஓவியத்துக்கும், தலையாட்டிப் பொம்மைக்கும் இதே ஏற்பாடுகள் பயன்படும்.

நவராத்திரிக்கு முன்பே இந்நடைமுறை தொடங்கினால், விஜயதசமியன்று பாடம் தொடங்கும் பிள்ளைகளுக்கான வீணைகளைத் துணிந்து அனுப்புவோம். பெட்டி கட்டும் முறையை ஊழியர்களுக்கு எங்கள் கைவினைஞர்கள் நேரில் வந்து கட்டணமின்றிக் காட்டித் தருவார்கள். அதற்கான நாளையும் நேரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீணை செய்யும் கைவினைஞர் சங்கத்தினர்,
தஞ்சாவூர்.