தேய்மானமும் கறிக்கடையும்

கல்பாக்கத்தையும் அதையடுத்த புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் முதலிய ஊர்களையும் உள்ளடக்கிய கடற்கரைப் பிரதேசத்தில், கத்தியும் மரக்கட்டையுமே கறிக்கடையின் சாதனங்களாக இருந்த காலம் மாறி, கோழியின் இறகு உரிக்கும் மிஷினும் கைமா மிஷினும் புகுந்துவிட்டன. கடன்பட்டு இவற்றை வாங்கியவர்கள், பல்லாண்டு உழைக்க வேண்டிய பாகங்கள் சீக்கிரத்திலேயே தேய்ந்துபோகும்போது, உப்புக் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். உப்புக் காற்றுக்கு இதில் பங்குண்டு. ஆனால் பூட்டும் முறையிலும் கழுவும் முறையிலும் நேரும் பிழைகளுக்கே பெரும்பங்கு என்பதும், அவற்றைத் திருத்துவது ஊரின் ஆரோக்கியத்தைச் சேர்ந்த விஷயம் என்பதும் என் அபிப்பிராயம்.

கைமா மிஷினின் வாய்ப்புறத்தைக் கழற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். திருகுத்தண்டு இறைச்சியைத் தள்ளிக்கொண்டுவர, கத்தியானது துளைத்தட்டோடு ஒட்டிச் சுழன்று அதை அறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே மசகாக நிற்பவை இறைச்சியின் ஈரமும் கொழுப்புமே. ஆகையால் இறைச்சியின்றி வெறுமனே ஓடவிட்டால், உலோகத்தோடு உலோகம் உராய்ந்து சூடேறி, கூர் மழுங்கிவிடுகிறது. தட்டை இறுக்கிப் பிடிக்கும் வெளிவளையத்தை அளவுக்கு மீறி முறுக்குவதாலும் இதே கேடு விளைகிறது. தளர விட்டாலோ சவ்வும் நரம்பும் கத்தியில் சுற்றிக்கொண்டு, இறைச்சி அறுபடாமல் நசுங்கி வருகிறது. ஒரு தட்டோடு பழகிய கத்தியை வேறொரு தட்டில் பூட்டுவதும், பள்ளம் விழுந்த பழைய தட்டில் புதுக் கத்தியைப் பொருத்துவதும், இரண்டையும் ஒருங்கே கெடுக்கும் காரியங்கள். சாணை பிடிப்பதானாலும் ஜோடியாகவே பிடிக்க வேண்டும். உதிரும் உலோகப் பொடி போய்ச் சேருமிடம் வாங்குபவரின் சட்டிதான் என்பதை நினைத்தால், தேய்மானத்தை வெறும் செலவுக் கணக்காகக் கருத மனம் வராது.

அடுத்தது கழுவுதல். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அந்த உலோகத்தைக் காப்பது, கண்ணுக்குப் புலப்படாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்றே. கடல் உப்பிலுள்ள குளோரைடும், நெடுநேரம் தங்கிவிடும் பிளீச்சிங் கரைசலும் அதைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்குகின்றன. 304 ரக எஃகு இதற்கு எளிதில் இரையாவதனால்தான், கடலோர உபயோகத்துக்கு மாலிப்டினம் கலந்த 316 ரகம் சிபாரிசு செய்யப்படுகிறது. குழிகளில் அடையும் கொழுப்பும் கிருமியும் பிறகு எந்தக் கழுவலுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பாகங்களைக் கழற்றி, முதலில் குளிர்ந்த நீரால் ரத்தத்தை அகற்றி, பின்னர் சோப்பு கலந்த வெந்நீரால் கொழுப்பைப் போக்கி, கிருமிநாசினியைக் குறித்த நேரம் மட்டுமே நிற்கவிட்டு, உப்புக் கரிக்காத நல்ல தண்ணீரால் அலசித் துடைத்து உலர்த்துவதுதான் சரியான முறை. வெந்நீரை முதலிலேயே ஊற்றினால் ரத்தம் உறைந்து பிடித்துக்கொள்ளும். அலுமினியப் பாகங்களைக் காஸ்டிக் சோடா அரித்துவிடும். இறகு மிஷினில் இறகைப் பிடுங்கும் ரப்பர் விரல்களில் வெடிப்புக் கண்டதை உடனே மாற்றாவிட்டால் அதன் துண்டு கோழியோடு கலக்கும். பேரிங்கின்மேல் தண்ணீரைப் பீச்சியடித்தால் கிரீஸ் வெளியேறி அது இறுகிப்போகும்.

பராமரிப்பு என்பது இந்த ஊருக்கு அந்நியமான சாஸ்திரம் அன்று. 1984-ல் வர்த்தக உற்பத்தியைத் தொடங்கிய, கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையம், தன் உலைகளிலுள்ள ஜிர்க்கலாய் குழாய்கள் மூப்படைவதை முன்கூட்டியே கணித்து, 2002-ஆம் ஆண்டு முதல் உலைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, உலைக்கு 306 வீதம் குளிர்விப்புக் குழாய்கள் முழுவதையும், நயோபியம் கலந்த உலோகத்தாலான புதிய குழாய்களாக மாற்றியது. அணு உலைக்கும் கறிக்கடைக்கும் அளவில் மலையளவு வித்தியாசம் உண்டு; ஆயினும் தேதி குறித்துச் சோதிப்பது, கண்டதை எழுதிவைப்பது, உடையுமுன் மாற்றுவது என்ற நியமம் இரண்டுக்கும் பொது.

இந்த நியமம் கடைத்தெருவுக்கு வராததற்குக் கடைக்காரரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நடுவே மிஷினை ஓட்டும் பையனுக்கு, அதைக் கழற்றிப் பூட்டும் விதத்தை யாரேனும் முறையாகக் கற்பித்திருந்தாலன்றி, அவனிடம் அந்தச் சிரத்தையை எதிர்பார்க்க இயலாது. 2020-ல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் குறு உணவுப் பதனத் திட்டம், திட்டச் செலவில் 35 விழுக்காட்டை, 10 லட்ச ரூபாய் உச்சவரம்போடு, மானியமாக அளிக்க ஏற்பட்டது. இத்தகைய மானியத்தில் வாங்கும் ஒவ்வொரு மிஷினோடும், அதை இயக்கும் தொழிலாளிக்குப் பராமரிப்புப் பயிற்சியும், உதிரியாக ஒரு ஜோடி கத்தியும் தட்டும், ஒரு பராமரிப்பு நோட்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இப்பயிற்சியை ஏற்று நடத்தலாம்; மாவட்டத்து ஐ.டி.ஐ.களின் ஃபிட்டர் மாணவர்கள் கடைத்தெருவிலேயே முகாம் போட்டு, தட்டின் தளத்தையும் பேரிங்கின் நிலையையும் பார்த்துச் சொல்லலாம். உணவோடு படும் சாதனம் அரிப்புக்கு ஆளாகாததாகவும் எளிதில் சுத்தம் செய்யத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிற 2011-ஆம் ஆண்டு விதிகளைக் கையிலேந்தி வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும், உரிமத்தையும் தரையையும் பார்ப்பதோடு நில்லாமல், கைமா மிஷினின் வாயைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். மிஷினுக்கு மானியம் தரும் அரசாங்கம், அதன் ஆயுளுக்கும் வழிகாட்டக் கடமைப்பட்டிருக்கிறது.