ஜக்கூர் ஏரி காட்டும் வழி

பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்தது. அதன் வெண்நுரை காற்றில் பறந்து சாலையில் விழுந்ததை நாடே பார்த்தது. சுத்திகரிக்காத சாக்கடை ஆண்டுக்கணக்கில் ஏரிக்குள் இறங்கியதன் விளைவு அது.

அதே நகரின் வடக்கே இருக்கும் ஜக்கூர் ஏரிக்கும் கழிவுநீர்தான் வருகிறது. ஆனால் அது முதலில் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடக்கிறது. பிறகு, ஏரிக்குள் நுழையுமுன், சம்பு அடர்ந்த சதுப்பில் மெல்ல ஊர்கிறது. வண்டல் அடியில் படிகிறது. வேர்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய கழிவைத் தின்கின்றன. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடிகள் உறிஞ்சுகின்றன. இவை இரண்டும் மிஞ்சினால்தான் ஏரியில் பாசி மண்டும், ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். ஜக்கூரில் மீனவர்கள் வலை வீசுகிறார்கள். கூழைக்கடாக்கள் வந்து இறங்குகின்றன.

செடிகளை அவ்வப்போது அறுத்தெடுக்க வேண்டும். விட்டால் அழுகி, உறிஞ்சிய சத்து மறுபடி நீருக்கே போய்விடும். சுத்திகரிப்பு நிலையம் கட்ட நிதி ஒதுக்குவோர் இந்த வேலைக்கும் ஆளும் சம்பளமும் ஒதுக்க வேண்டும்.

பெரிய குழாய்த் திட்டம் வரட்டும் என்று சிற்றூர்கள் காத்திருக்க வேண்டாம். ஏரிக்கு வரும் வாய்க்காலின் முகப்பிலேயே சிறு நிலையமும் சதுப்பும் அமையட்டும். அந்த நிலத்தை மனை போட்டு விற்க ஊராட்சிகள் விடக்கூடாது.