புகை காத்த வீடு

ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில், ஆர்னல் கிராமத்து 42ஆம் எண் வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. தரையின் நடுவே நெருப்பு. எரிவது விறகல்ல, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மண்கட்டி. புகை கூரைக்குள் கசிந்து, தானே வழி தேடிக்கொள்ளும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட இது ஒரு 'கறுப்பு வீடு'. வீடு, தொழுவம், தானியக் கொட்டில் எல்லாம் ஒட்டியே இருக்கின்றன. மாடும் மனிதரும் நுழைய ஒரே வாசல். மாட்டின் உடற்சூடு வீட்டுக்கும் உதவியது. கொட்டிலின் சுவரில், கதவுக்கு எதிரே ஒரு துளை. இரண்டையும் திறந்துவிட்டால் கடற்காற்றே தானியத்தைத் தூற்றிக் கொடுக்கும்.

சுவர் உண்மையில் இரண்டு சுவர். சாந்து பூசாமல் கல்லை அடுக்கி, இடையில் மண்ணை நிரப்பியிருக்கிறார்கள். கூரை வெளிச்சுவர் வரை வருவதில்லை; உட்சுவரிலேயே நின்றுவிடுகிறது. பார்ப்பவருக்கு இது கொத்தனாரின் பிழையாகத் தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. இறவாரம் நீட்டிக்கொண்டிருந்தால் அட்லாண்டிக் புயல் அதைப் பிடித்துத் தூக்கிவிடும். வழியும் மழைநீரோ நடுமண்ணில் இறங்கி அதை ஈரமாக வைக்கும். ஈரமண்ணில் காற்று நுழையாது. கூரை பறக்காமல் கயிறு கட்டி, நுனியில் கற்களைத் தொங்கவிட்டார்கள். மரமே அரிதான தீவு என்பதால் கைமரங்கள்தான் வீட்டின் விலைமதிப்புள்ள பாகம். புகைக்கரி ஏறிய பழைய கூரையைப் பிரித்து வயலுக்கு உரமாக இட்டார்கள். எதுவும் வீணில்லை.

சுகாதார விதிகளுக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. மனிதருக்கும் மாட்டுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்றன. பிறகு சாந்து பூசிய சுவரும் புகைபோக்கியும் கொண்ட 'வெள்ளை வீடுகள்' வந்தன. புதியதற்கு வெள்ளை என்று பெயர் வந்த பிறகே பழையது கறுப்பானது என்கிறார்கள். 1966இல் 42ஆம் எண்ணில் குடியிருந்தவர்களும் வெளியேறினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணெரியும் புகையில் சமைத்தவர்களுக்கு அது பாரம்பரியச் சின்னம் அல்ல.

இன்று ஸ்காட்லாந்தின் தொல்சின்னத் துறை வீட்டைப் பராமரிக்கிறது. ஊழியர்கள் பீட் மூட்டுகிறார்கள். சமைக்க யாருமில்லை, குளிர்காயக் குடும்பமில்லை. ஆனாலும் நெருப்பு வேண்டியிருக்கிறது. சூடும் புகையும் இல்லாவிட்டால் ஈரம் கூரையையும் மரத்தையும் அரித்துவிடும். அருகில் 39ஆம் எண் வெள்ளை வீடும் காட்சிக்கு இருக்கிறது, 1950களின் தட்டுமுட்டுச் சாமான்களோடு.

கல்லையும் மரத்தையும் காப்பாற்றிவிடலாம். இந்த வீட்டைத் தாங்கியது அவை மட்டுமல்ல. அடுப்பை அணையவிடாத ஒரு குடும்பமும், பக்கத்தில் அசைபோட்ட மாடும்கூட. அந்த இடத்தில் இப்போது ஒரு சம்பளக்காரர் தீ மூட்டுகிறார். வீடு நிற்கிறது.