போட்டோ இருக்கிறது, கணக்கு எங்கே?

அன்புள்ள பழைய மாணவ மாணவியரே, சொந்தக்காரர்களே,

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு சாயா குடிக்கிற நேரம் ஒதுக்கிப் படியுங்கள். எந்தக் கட்சியையும் எந்த ஆளையும் மனதில் வைத்து எழுதவில்லை. நான் சொல்லப்போவது எல்லாக் கட்சியிலும் உண்டு, குமரி மாவட்டம் தாண்டியும் உண்டு. ஆகவே "எங்கப்பன் குதிருக்குள் இல்லை" என்று யாரும் முந்திக்கொண்டு வரவேண்டாம்.

விஷயம் இதுதான். உள்ளூர்த் தலைவர்கள் தினமும் போனில் போடும் செய்திகள். காலையில் ஒரு காங்கிரீட் தளத்துக்குப் பூமி பூஜை. மதியம் ஒரு கல்யாண வீடு. சாயங்காலம் கோயில் கொடை, அல்லது சர்ச் திருவிழா, அல்லது கிளப் ஆண்டு விழா. இரவில் "இன்றைய களப்பணி" என்று பன்னிரண்டு போட்டோ. அதன் கீழே "வாழ்த்துகள் தலைவரே", "செயல் வீரரே" என்று நூறு பேர். அந்த நூறில் நாற்பது பெயர் எனக்குத் தெரிந்த பெயர். என் வகுப்பில் இருந்தவர்கள். துபாயிலும் குவைத்திலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு ஊர் செழிக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் பதிவு போடுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தலைவரே இல்லாமல் கிடந்த காலத்தையும் பார்த்தவர்கள் நாம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி அடித்து ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தபோது, போய்க் கேட்க நாம் ஓட்டுப் போட்ட ஒரு வார்டு மெம்பர் இல்லை. 2021 நவம்பர் வெள்ளத்திலும் இல்லை. பக்கத்துக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, அவையும் தனி அலுவலர் கைக்குப் போயின. ஆகவே ஒரு ஆள் இருப்பது நல்லது. அவர் நம்மிடம் பேசுவதும் நல்லது. என் கேள்வி, அவர் என்ன பேசுகிறார் என்பது.

விடைத்தாள் திருத்தியவன் நான். மணிமணியான கையெழுத்து, அடிக்கோடு, ஓரத்தில் பூ எல்லாம் போட்டு நான்கு பக்கம் எழுதியிருப்பான். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை இருக்காது. அவனுக்கு மார்க் போடமாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். இந்தப் பதிவுகள் அந்த விடைத்தாள் மாதிரி. கேள்வி: எந்த வேலை, எந்த வார்டு, எவ்வளவு நீளம், எவ்வளவு பணம், யார் பணம், ஒப்பந்தக்காரர் யார், எந்தத் தேதிக்குள் முடியவேண்டும், முடிந்ததா? விடை: பொன்னாடை.

ஒரே வேலை மூன்று சாதனையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். பூமி பூஜைக்கு ஒரு பதிவு. "பணியை நேரில் ஆய்வு செய்தபோது" என்று ஒரு பதிவு. ரிப்பன் வெட்டும்போது ஒரு பதிவு. அலங்காரத் தரைகற்கள் பதித்த ஐம்பது மீட்டர் சந்து, வருடக் கடைசியில் சாதனைப் பட்டியலில் மூன்று தடவை எண்ணப்படுகிறது. அடுத்த ஆனி மழையில் கல் பெயர்ந்தால் அதற்கு மட்டும் பதிவு கிடையாது. சானல் கரை இடிந்தாலும், ஓடை மேல் ஸ்லாப் உடைந்து நடுராத்திரியில் ஒருத்தர் கால் போனாலும், பன்னிரண்டு போட்டோவில் அது ஒன்றாக வராது.

அடுத்து, "எனது முயற்சியால்" என்ற சொல். மக்களே, இதை நிதானமாகப் படியுங்கள். ஒரு பேரூராட்சிக்குப் பணம் வருகிற வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. நம் சொத்துவரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை. மாநில நிதிக்குழு மானியம். ஒன்றிய நிதிக்குழு மானியம். கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத் போன்ற திட்டங்கள். வருடத்துக்கு 5 கோடி எம்.பி. நிதி, 3 கோடி எம்.எல்.ஏ. நிதி, அதில் நமக்கு விழுகிற பங்கு. இதில் எதுவும் தலைவரின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. நிதி கேட்டு மனு எழுதுவதும், அலைவதும், கவுன்சிலில் தீர்மானம் போடுவதும் அவர் வேலை. அதை நன்றாகச் செய்தால் பாராட்டலாம். ஆனால் "நான் தந்தேன்" என்று சொல்லக்கூடாது. போஸ்ட்மேன் மணியார்டரைக் கொண்டுவந்து தருவார். தன் பணம் என்று சொல்லமாட்டார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2022 ஏப்ரலில் சொத்துவரி ஏறியது ஞாபகம் இருக்கிறதா? 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடி தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. நீங்கள் சம்பாதித்துக் கட்டி, பூட்டிப் போட்டிருக்கும் மாடி வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அந்தப் பணத்தில் போட்ட ரோட்டுக்கு நீங்களே "நன்றி தலைவரே" என்று எழுதுகிறீர்கள். சொந்தப் பணத்துக்குக் கணக்கு கேட்காமல் நன்றி சொல்கிற ஆள் உலகத்தில் வேறு எங்கே உண்டு?

உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் ஒரு தீர்ப்பில், அரசுப் பணத்தில் வெளியாகும் விளம்பரங்களில் பதவியில் இருப்பவர்களின் படம் போடுவதைக் கட்டுப்படுத்தியது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் மட்டும் என்றது. 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், துறை அமைச்சர்களையும் சேர்த்துத் தளர்த்தியது. பேரூராட்சித் தலைவர் அந்தப் பட்டியலில் இல்லை. சொந்த போனில் சொந்தப் படம் போடுவதற்கு அந்தத் தீர்ப்பில் தடை இல்லை, உண்மைதான். ஆனால் அதன் பின்னால் இருக்கிற எண்ணம் நமக்கும் பொருந்தும்: பொதுப்பணத்தில் நடக்கிற வேலையை ஒரு முகத்தின் வேலையாக மாற்றக்கூடாது.

இன்னொரு வழக்கம் என்னை அதிகமாக உறுத்துகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூல் பை, நான்கு நோட்டு. பின்னால் பத்துப் பெரியவர்கள். பிள்ளை காமிராவைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும்போது முப்பது பேருக்கு விஷயம் தெரியும். ஒரு நோட்டுக்காக அதன் மானத்தை வாங்கிக்கொள்கிறோம். கொடுப்பதைக் கொடுங்கள், பிள்ளையின் முகத்தை விட்டுவிடுங்கள். இதற்குச் சட்டம் தேவையில்லை, மனசு போதும்.

சரி, கணக்கு கேட்க வேறு இடம் இல்லையா என்று கேட்பீர்கள். கிராம ஊராட்சியில் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள். அங்கே வரவு செலவைப் படிக்கவேண்டும். அருமனை பேரூராட்சி, கிராம சபை நமக்குக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2022-இல் நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை என்று கொண்டுவந்தார்கள். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல்வரே பம்மலில் ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடியது, என்ன பேசினார்கள் என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தால் இங்கே எழுதுங்கள், எல்லோருக்கும் உபயோகப்படும்.

பனச்சமூடு தாண்டினால் கேரளம். அங்கே 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கிராம சபை அங்கே வார்டுக்கு வார்டு கூடும். அங்கேயும் ஃபிளெக்ஸ் உண்டு, முகம் உண்டு, புகழ்ச்சி உண்டு. ஆனால் எழுந்து நின்று கேட்க ஒரு இடமும் உண்டு.

நம் தமிழ்நாட்டிலும் நல்ல உதாரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி. சண்முகம் என்பவர் தலைவராக இருந்த காலத்தில், 2006-இல், ஊராட்சியே ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்து வாங்கி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். பாருங்கள், அந்தச் சாதனையைச் சொல்லும்போது எண்கள் தானாக வருகின்றன. உண்மையான வேலைக்கு அளவு இருக்கும். அளவு சொல்ல முடியாத சாதனையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே மாத்தூர் தொட்டிப்பாலம் நிற்கிறது. 1966-இல் முடிந்தது. தரையிலிருந்து 115 அடி உயரம். எத்தனை முறை சுற்றுலாவுக்குக் கூட்டிப் போயிருப்பேன். பாலத்தைக் கேட்டால் காமராஜர் என்பீர்கள். அவர் முதல்வர் பதவியை விட்டது 1963-இல், பாலம் முடிவதற்கு மூன்று வருடம் முன்னால். ரிப்பன் வெட்டியது யார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் இன்றும் ஓடுகிறது. வேலை நின்றால் பெயர் நிற்கும். போட்டோவுக்கு அந்த ஆயுசு இல்லை.

வகுப்பில் சொல்லிக்கொடுத்த உத்திரமேரூர் கல்வெட்டையும் ஞாபகப்படுத்துகிறேன். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை முறையை மட்டும் மனப்பாடம் செய்து பாஸாகிவிட்டீர்கள். அதில் இன்னொரு விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் சுவரில் செதுக்கி வைத்த விதி.

இப்போது சட்டம் இல்லாமலும் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4 என்ன சொல்கிறது? வரவு செலவுத் திட்டம், செலவு விவரம், பயனாளிகள் பட்டியல் இவற்றை யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிடவேண்டும் என்கிறது. கேட்டுத்தான் வாங்கவேண்டும் என்றாலும் 10 ரூபாய்தான் கட்டணம். 30 நாளில் பதில் தரவேண்டும்.

தலைவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. பதிவு போடுங்கள், பொன்னாடையும் இருக்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் கீழே ஐந்து வரி சேருங்கள்: வார்டும் இடமும், நீள அகலம், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதி, தொடங்கிய தேதியும் முடிக்கவேண்டிய தேதியும். மாதம் ஒருமுறை கவுன்சில் தீர்மானங்களையும் வரவு செலவையும் போட்டோ எடுத்துப் போடுங்கள். முடியாமல் போன வேலை ஒன்றையும் காரணத்தோடு சொல்லுங்கள். அன்றைக்கு முதல் லைக் இந்த வாத்தியாருடையதாக இருக்கும்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். அடுத்த பதிவில் "வாழ்த்துகள்" என்று எழுதும் முன்னால் "எவ்வளவு தொகை, எந்த நிதி?" என்று மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். திட்டவேண்டாம், கிண்டல் வேண்டாம். நூறு பேரில் பத்துப் பேர் கேட்டால் போதும், பதினொன்றாவது பதிவில் பதில் வரத் தொடங்கும். இந்தக் கவுன்சிலின் ஐந்து வருடம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தக் கட்சியானாலும் கையில் ஆல்பத்தோடுதான் வருவார்கள். உங்கள் கையில் கணக்கு இருக்கட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன். கட்சிச் சண்டை மட்டும் இங்கே வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார், அருமனை